இரும்பு ஓரிடம், வாழ்வு வேறிடம்

உலகப் படத்தை விரித்து வைத்து நோக்குவோமாயின், மக்களின் நல்வாழ்வு எங்கும் ஒரு தன்மையாய் அமையவில்லை என்பது எளிதில் விளங்கும். ஒரு நாட்டில் பிறந்த குழந்தை எண்பது ஆண்டுக்கு மேல் வாழ்கிறது. பிறிதொரு நாட்டில் பிறந்த குழந்தைக்கு அறுபதைக் காண்பதும் அரிதாகிறது. ஒரே நாட்டின் எல்லைக்குள்ளும் இவ்வேற்றுமை உண்டு. இதற்குக் காரணம் யாது? மண்ணின் வளமா? மக்களின் உழைப்பா? ஆள்வோரின் நோக்கமா? அறிஞர் பலர் ஆராய்ந்த இவ்வினாவை, இருப்புப்பாதைத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதி வரும் நாம் நமக்குத் தெரிந்த வாயிலாக, அதாவது சரக்குக் கட்டணத்தின் வாயிலாக, ஆராய முற்படுகிறோம். நாம் குடியேறி வாழும் இச்சத்தீஸ்கர் மண்ணே இதற்குத் தக்க சான்றாக நிற்கிறது.

நிலக்கரியும் இரும்பும் இங்கு மலையாய்க் கிடக்கின்றன. கோர்பாவிலிருந்து நிலக்கரி ஏற்றிய வண்டிகள் இரவு பகல் ஓடுகின்றன. ஒரு ரேக் என்பது 58 அல்லது 59 வேகன்கள். ஏறத்தாழ நாலாயிரம் டன் கரி. இந்நாட்டின் பல மூலைகளில் எரியும் விளக்குக்கு எண்ணெய் வார்ப்பது இம்மண் எனலாம். ஆயினும் 2016 முதல் 2020 வரையிலான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, பெரிய மாநிலங்களில் சராசரி ஆயுள் மிகக் குறைந்த மாநிலம் சத்தீஸ்கரே. இங்கே அஃது ஏறத்தாழ 65 ஆண்டு, கேரளத்தில் 75. ஒரே கொடியின் கீழ் வாழும் இரு குழந்தைகளுக்கிடையே பத்து ஆண்டு வேறுபாடு! இப்பத்து ஆண்டு எங்கே போயிற்று என்பதே நம் கேள்வி.

நீர்வழியும் நிலவழியும்

1776ஆம் ஆண்டில் ஆடம் ஸ்மித் என்னும் ஸ்காத்லாந்து நாட்டறிஞர் தம் பெருநூலை வெளியிட்டார். நாகரிகமும் தொழிலும் முதலில் கடலோரங்களிலும் கப்பல் செல்லத்தக்க ஆற்றங்கரைகளிலுமே தழைத்தன என்று அவர் அந்நூலில் காட்டினார். அவர் கூறும் கணக்கு எளியது. இலண்டனுக்கும் எடின்பரோவுக்கும் இடையே ஆறு அல்லது எட்டுப் பேர் செலுத்தும் ஒரு கப்பல் கொண்டு செல்லும் சரக்கை, நிலவழியே கொண்டு செல்ல ஐம்பது வண்டிகளும், நூறு ஆட்களும், நானூறு குதிரைகளும் தேவைப்பட்டன. நானூறு குதிரைக்கும் தீனி போட்டாக வேண்டும். அத்தீனியின் விலையும் சரக்கின் மேலேயே ஏறும். ஆகவே உள்நாட்டில் விளைந்த பொருள் சந்தையை அடைவதற்குள் தன் விலையை வழியிலேயே தின்றுவிடும். கடலோரம் செழித்ததும் உள்நாடு பின்தங்கியதும் இவ்வாறே தொடங்கின.

எனினும், இயற்கை வகுத்ததே முடிந்த முடிவு என்று கொள்ளுதல் தவறு. கடலையே காணாத சுவிட்சர்லாந்து உலகின் வளமிக்க நாடுகளுள் ஒன்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பம்பாய்க்கும் இலண்டனுக்கும் உள்ள தொலைவு ஆயிரக்கணக்கான மைல் சுருங்கிற்று. மலையையும் பாலையையும் மனிதன் வெட்டிக் கடக்கலாம். ஆனால் யாருடைய நலனுக்காக வெட்டுகிறான் என்பதே அடுத்த வினா.

இருப்புப்பாதை வந்த கதை

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பயணி வண்டி ஓடிற்று. 1856 ஜூலை முதல் நாள் நம் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓடலாயிற்று. 1887இல் தோன்றிய வங்காள நாகபுரி இருப்புப்பாதைக் கம்பெனி, நாகபுரியிலிருந்து பிலாஸ்பூர் வழியாக அசன்சோல் வரை 1891இல் பாதையை முடித்தது. அதற்கு முன் பெரும்பாலும் மாட்டு வண்டியையும் பொதி எருதையுமே நம்பியிருந்த இந்நெல் நாட்டின் கதவு அன்று அகலத் திறந்தது.

கதவு திறந்தால் காற்று உள்ளேயும் வரும். வீட்டில் உள்ளது வெளியேயும் போகும். அந்நாளையக் கட்டண முறை வெளியே போவதற்கே வசதி செய்தது. துறைமுகத்துக்குச் செல்லும் மூலப்பொருளுக்கும், துறைமுகத்திலிருந்து வரும் சீமைச் சரக்குக்கும் கட்டணம் குறைவு. உள்நாட்டில் ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு அனுப்பும் சரக்குக்குக் கட்டணம் அதிகம். 1916 முதல் 1918 வரை ஆராய்ந்த இந்தியத் தொழிற் குழுவும் இம்முறையைக் குறை கூறிற்று. பருத்தியை மூட்டையாய் அனுப்புவது மலிவு. அதை இங்கேயே நூலாக்கி அண்டை மாவட்டத்தில் விற்பது செலவு. இந்நிலையில் உள்நாட்டில் ஆலை எங்ஙனம் எழும்?

1896–97, 1899–1900 ஆகிய இரு முறையும் பெரும் பஞ்சம் மத்திய மாகாணத்தைத் தாக்கிற்று. அப்போது பாதை இருந்தது, வண்டியும் ஓடிற்று. ஆயினும் மக்கள் மடிந்தனர். ஏன்? தானியத்தை வண்டி கொண்டு வரும். அதை வாங்கும் காசை வண்டி கொண்டு வாராது. வேலையிழந்த கூலியாளிடம் பொருள் வாங்கும் ஆற்றல் அற்றுப்போகும்போது, சந்தையில் நெல் இருந்தும் அவன் பட்டினி கிடக்கிறான். இவ்வுண்மையைப் பேராசிரியர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சி நூலில் பல நாட்டுப் பஞ்சங்களைக் கொண்டு நிறுவினார். பாதை இருந்தால் மட்டும் போதாது என்னும் பாடத்தை இம்மண் அவருக்கு எண்பது ஆண்டு முன்னரே கற்றுவிட்டது. கற்பதற்குக் கொடுத்த விலைதான் பெரிது.

ஆலை எங்கே அமைய வேண்டும்?

ஒரு டன் எஃகு செய்வதற்கு ஏறத்தாழ ஒன்றரை டன் இரும்புக் கல்லும், முக்கால் டன்னுக்கு மேற்பட்ட நிலக்கரியும் வேண்டும். இரண்டே கால் டன் எடையைத் தொலைதூரம் சுமப்பதிலும், ஒரு டன் எஃகைச் சுமப்பது மலிவன்றோ? எனவே கல்லும் கரியும் கிடைக்கும் இடத்தருகே ஆலை அமைப்பது வழக்கமாயிற்று. 1904இல் மண்ணூல் வல்லுநர் பிரமத நாத போஸ், மயூர்பஞ்ச் நாட்டில் சிறந்த இரும்புக் கல் உண்டென்று ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்கு எழுதினார். 1907இல் கம்பெனி தோன்றிற்று. சாக்சி என்னும் சிற்றூரில் 1912இல் முதல் எஃகு வார்க்கப்பட்டது. அச்சிற்றூரே பின்னர் ஜாம்ஷெட்பூர் ஆயிற்று.

நாடு விடுதலை பெற்றபின் அரசே ஆலை அமைக்க முற்பட்டது. 1955இல் சோவியத் நாட்டுடன் செய்த உடன்படிக்கையின் பயனாய்ப் பிலாயில் ஆலை எழுந்தது. 1959 பிப்ரவரி 4ஆம் நாள் அதன் முதல் ஊதுலையைக் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் தொடங்கி வைத்தார். அதற்குரிய கல் தல்லி ராஜ்ஹரா மலைகளிலிருந்து வந்தது. இந்நாட்டு இருப்புப்பாதையின் தண்டவாளம் பெரும்பகுதியும் பிலாயில் உருவாவதே. நம்மவர் பலர் இப்பகுதிக்கு வந்து குடியேறியதும் இவ்வாலைகளும் இருப்புப்பாதையும் அழைத்த அழைப்பினாலேயே.

சமக் கட்டணத் திட்டம்

இனி நம் தொழிலோடு நெருங்கிய செய்திக்கு வருவோம். எஃகாலை பக்கத்தில் இருந்தால் எஃகு மலிவாய்க் கிடைக்கும். மலிவாய்க் கிடைத்தால் ஆணியும், கலப்பையும், பம்பும், பொறியும் செய்யும் சிறு ஆலைகள் சுற்றிலும் பெருகும். மேனாடுகளில் பிட்ஸ்பர்க்கும் ரூர்ப் பள்ளத்தாக்கும் இவ்வாறே வளர்ந்தன. நம் நாட்டில் அவ்வாறு நிகழவில்லை. 1956இல் மத்திய அரசு எஃகுக்குச் சமக் கட்டணத் திட்டத்தைக் கொண்டு வந்ததும் அதற்கு ஒரு காரணம்.

அதன் நடைமுறையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். ஆலைக்கு அருகிலுள்ள ஊருக்கு ஒரு டன் எஃகு கொண்டு செல்லப் பத்து ரூபாய் ஆகிறது. தொலைவிலுள்ள ஊருக்குத் தொண்ணூறு ரூபாய் ஆகிறது என்க. இரண்டையும் சேர்த்துச் சராசரி கண்டால் ஐம்பது. சமக் கட்டணத் திட்டத்தின்படி இருவரும் ஐம்பதே கொடுப்பர். தொலைவில் உள்ளவனுக்கு நாற்பது ரூபாய் மிச்சம். அந்த நாற்பதை அருகில் உள்ளவன் தன் பையிலிருந்து கொடுக்கிறான். சென்னையிலும் பம்பாயிலும் லூதியானாவிலும் எஃகு என்ன விலையோ, அதே விலைதான் ஆலையின் வாயிலிலும்.

இதன் நோக்கம் தீயதன்று. தொழில்கள் ஓரிடத்தில் குவியாமல் நாடெங்கும் பரவ வேண்டும் என்பதே ஆட்சியாளரின் எண்ணம். அந்நாளில் மத்திய அமைச்சரவையில் வணிகம், கைத்தொழில், எஃகு ஆகிய பொறுப்புகளை வகித்தவர் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. சிமெண்டுக்கும் இவ்வாறே கட்டணம் சமனாக்கப்பட்டது. ஆனால் பருத்திக்கு அச்சமன்பாடு இல்லை. எங்கள் இரும்பு உங்களுக்கு எங்கள் விலைக்கே கிடைக்கிறது. உங்கள் பருத்தியை மட்டும் நாங்கள் முழுக் கட்டணம் கொடுத்து வாங்க வேண்டுமா என்று கிழக்கு மாநிலத்தார் பல ஆண்டு முறையிட்டனர். முறையீட்டில் நியாயம் இருந்தது. சிமெண்டுக்கு 1989இலும், எஃகுக்கு 1992 ஜனவரியிலும் இம்முறை நீங்கிற்று. அதற்குள் முப்பத்தைந்து ஆண்டு கழிந்துவிட்டது. ஒரு தலைமுறை வேலை தேடும் பருவம் அது.

இவ்விடத்தில் நாம் நம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். கோயம்புத்தூரில் பம்பு செய்த பட்டறைக்கும், சென்னையில் வண்டி உறுப்புகள் செய்த ஆலைக்கும் இத்திட்டம் துணை நின்றது. நம் உடன்பிறந்தாரும் உறவினரும் அங்கே வேலை பெற்றனர். அந்நன்மையின் ஒரு பங்கு இம்மண்ணின் மக்கள் கொடுத்த நாற்பது ரூபாயில் அடங்கியிருந்தது. தமிழகத்தின் முன்னேற்றம் முழுவதும் இதனால் வந்ததன்று என்பதும் உண்மையே. 1932இலேயே பைக்காரா நீர்மின்சாரம் வந்தது, பள்ளிகள் பரவின, மக்கள் உழைத்தனர். ஆயினும் பெற்ற உதவியை மறப்பது தமிழர் பண்பாகாது.

கிழக்கின் வறுமைக்கும் இஃது ஒன்றே காரணம் என்று கூறினால் அது நேர்மையாகாது. 1793இல் வங்காளத்தில் நிலையான நிலவரித் திட்டம் வந்தது. நிலம் ஜமீன்தாரிடம் போயிற்று. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் தாமஸ் மன்றோ வளர்த்த இரயத்துவாரி முறையில் உழவனே வரி செலுத்தும் உரிமையாளனானான். அபிஜித் பானர்ஜி, லட்சுமி ஐயர் என்னும் இரு பொருளியலறிஞர் 2005இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஜமீன்தாரி முறையில் இருந்த மாவட்டங்கள் விடுதலைக்குப் பின்னும் விளைச்சலிலும் பள்ளியிலும் நல்வாழ்விலும் பின்தங்கின என்று காட்டினர். இருநூறு ஆண்டுக்கு முன் எழுதிய நிலக் கணக்கு இன்றைய குழந்தையின் உடலில் தெரிகிறது என்றால், கணக்கெழுதும் நமக்கு நடுக்கம் உண்டாகிறது.

பைலடிலாவும் ஜப்பானும்

இன்னுமொரு சான்று கூறுவோம். பஸ்தரின் தெற்கே பைலடிலா மலை உள்ளது. உலகின் உயர்தர இரும்புக் கற்களுள் அதன் கல்லும் ஒன்று. போரில் அழிந்து மீண்டெழுந்த ஜப்பான் அதனை விரும்பிற்று. 1960களில் கிரந்துலிலிருந்து அனந்தகிரி மலைத்தொடரைக் குடைந்து விசாகப்பட்டினத்தருகே கொத்தவலசை வரை இருப்புப்பாதை போடப்பட்டது. 1968இல் சுரங்க வேலை தொடங்கிக் கல் கடல் கடந்து சென்றது.

ஜப்பானில் சொல்லத்தக்க இரும்பும் இல்லை. போதிய நிலக்கரியும் இல்லை. கல்லையும் கரியையும் கப்பலில் வருவித்துக் கடலோரத்திலேயே ஆலை அமைத்து, எஃகாக்கி, கப்பலாகவும் மோட்டாராகவும் உலகுக்கு விற்றது. எல்லாக் குழந்தைக்கும் பள்ளி என்பதை அந்நாடு 1872லேயே சட்டமாக்கியிருந்தது. எழுத்தறிந்த கையிடம் வந்து சேர்ந்த கல் நூறு உருவெடுத்தது. கல் பிறந்த தந்தேவாடா மாவட்டத்திலோ 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேரே எழுத்தறிந்திருந்தனர். சுரங்கம் திறந்து நாற்பத்து மூன்று ஆண்டு சென்ற பின் உள்ள நிலை இது! ஆகவே கனிமம் இருப்பது செல்வமாகாது. அதைப் பயன்படுத்தும் அறிவும், அதன் வருவாயில் ஊராருக்குப் பங்கும் இருப்பதே செல்வம்.

நல்வாழ்வை அளப்பது எங்ஙனம்?

முற்காலத்தில் ஒரு நாட்டின் உயர்வை அதன் வருமானத்தைக் கொண்டே அளந்தனர். பாகிஸ்தான் நாட்டுப் பொருளியலறிஞர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் முதலியோரின் துணையுடன் 1990இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் வாயிலாகப் புதியதோர் அளவுகோலை வகுத்தார். மனிதன் எத்தனை ஆண்டு வாழ்கிறான், எவ்வளவு கற்கிறான், எவ்வளவு ஈட்டுகிறான் என்னும் மூன்றையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பது அதன் கொள்கை.

இவ்வளவுகோலால் அளந்தால் கேரளம் நமக்குப் பாடம் புகட்டும். அங்கே நிலக்கரிச் சுரங்கம் இல்லை. பெரும் எஃகாலை இல்லை. ஆனால் 1817இலேயே திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதி பாய், குடிகளின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டார். 2011இல் அங்கே எழுத்தறிவு நூற்றுக்கு 94. தமிழகத்தில் 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிப் பகலுணவு பரவிற்று, 1982இல் எம்.ஜி.ஆர். அதனைப் பெருந்திட்டமாக்கினார். 2020ஆம் ஆண்டுக் கணக்கில் ஓராண்டு நிறைவதற்குள் இறக்கும் குழந்தைகள், ஆயிரத்துக்குக் கேரளத்தில் 6, தமிழகத்தில் 13, சத்தீஸ்கரில் 38. ஊதுலையின் தீயினும் சமையற்கட்டின் தீ குழந்தையின் உயிரைக் காப்பதில் முந்தி நிற்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

இம்மண் தந்த விடை

இம்மண்ணின் மக்கள் வாளாவிருந்தனர் என்று எண்ணுதல் கூடாது. தல்லி ராஜ்ஹராவில் சங்கர் குஹா நியோகியின் தலைமையில் ஒன்றுபட்ட சுரங்கக் கூலிகள், 1977இல் துப்பாக்கிச் சூட்டில் மாண்ட தோழர்களின் நினைவாக, தங்கள் பொருளாலும் உடலுழைப்பாலும் 1983இல் ‘ஷஹீத்’ மருத்துவமனையை எழுப்பினர். கல்லுடைத்த கை கட்டிய மருத்துவமனை அது. 2002இல் இம்மாநிலத்தில் ‘மிதானின்’ திட்டம் தொடங்கிற்று. மிதானின் என்றால் தோழி. ஊர்தோறும் ஒரு பெண்ணைத் தெரிந்தெடுத்து, தாய்க்கும் சேய்க்கும் துணை நிற்கப் பயிற்சி அளித்தனர். 2005இல் நாடு முழுதும் வந்த ‘ஆஷா’ திட்டத்துக்கு இதுவும் ஒரு முன்னோடி. 2015இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை ஏற்பட்டது. பழைய குத்தகையாளர், ராயல்டி என்னும் உரிமைத் தொகையில் நூற்றுக்கு 30க்கு ஈடான தொகையை அதற்குச் செலுத்த வேண்டும். சுரங்கம் உள்ள ஊருக்கும் பங்கு உண்டு என்பதைச் சட்டம் இப்போதேனும் ஏற்றது நன்றே.

நம் கடமை

காலனி மதிலுக்கு உள்ளே நமக்கு மருத்துவமனை உண்டு, பள்ளி உண்டு, குழாயில் நீர் உண்டு. மதிலுக்கு வெளியே சிறிது தூரம் சென்றால் இவை அரிதாகின்றன. உலகப் படத்தில் நாம் காணும் செல்வ நாடு, வறிய நாடு என்னும் பிரிவு, நம் வீட்டுக் கொல்லைப்புறத்து மதிலிலும் உள்ளது. உலகத்தின் கோட்டை அழிக்க நம்மால் இயலாது. இம்மதிலில் ஒரு வாயில் திறக்க இயலும்.

நம் சங்கத்தின் நூலகம் வாரத்தில் நாள் முழுதும் திறந்திருப்பதில்லை. அதன் ஓர் அறையில் மாலை நேரத்தில் அண்டைச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் கற்பிக்க, ஓய்வு பெற்ற ஆசிரியர் நம்முள் இல்லையா? நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்மணியின் மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று கேட்க நம் தாய்மார்க்கு நேரம் இல்லையா? பொங்கல் விழாவுக்குத் திரட்டும் நிதியில் ஒரு பங்கைப் பள்ளிப் புத்தகத்துக்கு ஒதுக்குவது நம் செயற்குழுவுக்குப் பாரமாகுமா? ஆகாது என்றே நாம் நம்புகிறோம்.

முப்பத்தைந்து ஆண்டு இம்மண்ணின் மக்கள் நமக்காகக் கட்டணம் செலுத்தினர். அவர் கேட்டுக் கொடுத்ததன்று. நாம் அறிந்து பெற்றதும் அன்று. ஆயினும் சரக்கைப் பெற்றவன் ரசீதில் கையெழுத்திட்டாக வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. அக்கையெழுத்தை நம் செயலால் இடுவோமாக. நம்மை வாழ வைக்கும் இந்நிலமும் இதன் மக்களும் நலம் பெற்று வாழ்க!